பெரியப்பா போட்ட சீட்டு

அன்புள்ள அக்கா,

இன்று வீட்டில் நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன்.

விமானிகளின் ஓய்வு வயதை அறுபத்தைந்திலிருந்து அறுபத்தேழாக உயர்த்தப் போவதில்லை என்று காலையில் டிவியில் சொல்லிவிட்டார்கள். விமானம் ஓட்டும் உன் அப்பாவுக்கு, என் பெரியப்பாவுக்கு, அடுத்த மாதம் அறுபத்தைந்து முடிகிறது. "மனுஷன் உடைஞ்சிடுவாரு, யாரும் சொல்லாதீங்க" என்று பெரியம்மா ரிமோட்டையே ஒளித்துவைத்தார். வயதை உயர்த்த வேண்டும் என்று மூன்று மாதமாக நம் சர்ச்சின் ஜெப விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போட்டுவந்தவர் பெரியம்மாதான்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கிவந்தார்.

"போன்லயே பாத்துட்டேன் ஈவ்லின். நானும் சீட்டு போட்டேன், ஏத்தவே கூடாதுன்னு."

"அடப்பாவி மனுஷா! அதான் என் சீட்டு எடுபடலையா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு மெடிக்கல். போன தடவை கண் டெஸ்ட்ல கடைசி வரிய திணறித்தான் படிச்சேன். ஃபெயிலாகி வீட்டுக்கு வர்றதுக்கு, வயசாகி வர்றது கௌரவம் இல்லையா?"

பெரியம்மா அழுதார், உடனே சிரித்தும்விட்டார். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

மாடி அறையில் பட்டப்பகலிலும் ஏன் விளக்கு எரிகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றுதான் தெரிந்தது, கண் பரிசோதனை அட்டையைச் சுவரில் ஒட்டி பெரியப்பா படித்துப் பழகியிருக்கிறார். மதியம் அதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து என் அறிவியல் நோட்டுக்கு அட்டை போட்டுத் தந்தார். பிறகு மாடிக்குப் போய், எல்லா விளக்குகளையும் அவரே அணைத்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் தங்கை