பெட்டியில் என்ன இருந்தது

மருமகளுக்கு, உன் மாமியார் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். நீயும் பேத்தியும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

உன் பேறுகாலத்துக்கு உதவ வந்த என்னைப் பதினாறாம் நாளே விமானம் ஏற்றி அனுப்பினாய். அதனால்தான் ஏழு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. லீவுக்குக் கூட்டி வந்த குழந்தையை என் மகன் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டபோதும், நல்லா வேணும் என்றுதான் இருந்தேன்.

இப்போது எழுதுவது உன் வக்கீலம்மாவால். ஆள் என் தோளுக்கு வரமாட்டாள். குழந்தையைத் திருப்பிக் கேட்டு நீ போட்ட கேஸில் எங்கள் வக்கீல், பாட்டி பாசம், சொந்த ரத்தம் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். நீதிபதி பேனாவைக்கூட எடுக்கவில்லை. பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். குழந்தை இங்கேயே இருக்கத்தான் வந்தாள் என்று சொல்லும்படி மகன் ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தான்.

உன் வக்கீலம்மா எழுந்தாள். பாட்டிம்மா, குழந்தை வந்தன்னிக்குப் பெட்டியில என்ன இருந்துச்சு என்று கேட்டாள். நானா மறப்பவள்? வியாழக்கிழமை, மத்தியானம் மூணு மணி, நல்ல மழை, நாலு கவுன், ஒரு ஸ்வெட்டர், லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாட நோட்டு, அதுவும் பாதிதான் எழுதியிருந்தா என்று கடகடவென ஒப்பித்தேன். முன்பல் ஆடிச்சாமே, யார்கிட்ட காட்டினீங்க என்றாள். ஊருக்குப் போய் எங்க டாக்டர்கிட்டதான் காட்டுவேன்னு அவளே சொல்லிட்டாளே என்றேன். நீதிபதியின் பேனா ஓடத் தொடங்கியது. அவள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்துச் சண்டைக்குப் போனேன். என் பாசத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியாடி என்றேன். யாருக்குப் பாசம் ஜாஸ்தின்னு இங்க கேக்கவே மாட்டாங்க பாட்டிம்மா, யார்கிட்ட வளரணுங்கறத அவ வந்த ஊர் கோர்ட் பாத்துக்கும், குழந்தையோட அன்றாட வாழ்க்கை எந்த ஊர்ல இருந்துச்சு, அதான் இங்க கேள்வி என்றாள். நாலாம் வகுப்புப் படித்தவள் நான். இரண்டு தேசம், இரண்டு கோர்ட், மூட்டை மூட்டையாகக் காகிதம், எல்லாம் ஒரு சின்னப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறதே!

குழந்தையை உன்னோடு அனுப்பச் சொல்லித் தீர்ப்பு வந்ததிலிருந்து மகன் என்னோடு பேசுவதில்லை. உன் ஞாபகசக்தியில நெருப்ப வைக்க என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

உன்னை ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளை இரண்டு நிமிஷம் ஃபோனில் விடு. நீ பேச வேண்டாம். அவள் அப்பன் பேச்சையும் எடுக்க மாட்டேன். அன்றைக்கெல்லாம் ஃபோன் மணி கேட்கும் தூரத்தைத் தாண்டிப் போகமாட்டேன். இரண்டு பேரும் குறைவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய பாட்டி