செம்பருத்தியின் மூலையில் என் பெயர்

பிப்ரவரி 3, 2008

இன்று காலை எங்கள் வீட்டுச் செம்பருத்திக்குப் பனி பெய்வித்தேன்.

விருத்தாசலத்தில் வெயில் ஏறிய பிறகு பூவின் மேல் துளி நிற்பதில்லை. இயற்கையின் குறைகளில் இதுவும் ஒன்று. என் மனைவி அன்னாள் இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற பாட்டிலை எடுத்து நானே தெளித்தேன். பெரும்பாலான துளிகள் வழிந்து ஓடின. இரண்டு மட்டும் மேல் இதழில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, சொன்ன பேச்சு கேட்டு நின்றன.

அன்னாள் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று பார்த்தாள். நர்ஸ் அல்லவா, எதையும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குத்துவாள்.

"பூவுக்கு வேர்க்குதா?"

கேமராவில் எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, யாரும் திருடிவிடாதபடி என் பெயரை அதன் மேல் போட்டேன். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் போட்டேன்.

பிப்ரவரி 6

வெளிநாட்டு இணையதளத்தில் செம்பருத்திக்கு நல்ல வரவேற்பு. பின்லாந்துக்காரர் ஒருவர் "அற்புதம்" என்று எழுதியிருக்கிறார். நேற்று அவருடைய பனிக்கட்டிப் படத்துக்கு நான் "அற்புதம்" என்று எழுதியிருந்தேன். பிரேசில் அம்மையாருக்கு நான் பாக்கி. அவருடைய கிளிக்கு இன்றே எழுதிவிட வேண்டும்.

உலகம் முழுக்க மொய் வழக்கம் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நூலகத்தில் இருபது வருடமாக மானுடவியல் அலமாரியைத் தூசி தட்டுகிறேன். எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

அல்லியைப் படம் எடுக்கக் கம்மாபுரம் பக்கம் வண்டியில் போனேன். குட்டை அருமை. ஆனால் எங்கே குனிந்தாலும் பின்னால் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு வந்து நிற்கிறது. படுத்துக்கொண்டு, மேடு மறையும்படி எடுத்தேன்.

மாடு ஓட்டி வந்தவர் நின்றார். "சார், அந்த மேட்டையும் சேத்து எடுங்க. அடுத்து சுரங்கத்துக்குப் போறது எங்க வூடுதான்."

"நான் இயற்கையை மட்டும்தாங்க எடுக்கிறது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், "சரிங்க" என்று போய்விட்டார். எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 9

பாலக்கரை பழமலை தன் ஸ்டுடியோவில் என் படங்களைச் சட்டம் போட்டு விற்பனைக்கு மாட்டியிருந்தான். இன்று ஒன்று விற்றுப்போனதாகப் போன் செய்தான். சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

"கோச்சிக்காதீங்க சார். சட்டம் பிடிச்சிருந்துதாம். படத்தக் கழட்டிட்டு அவங்க பையன் போட்டோவப் போட்டு எடுத்துனு போயிட்டாங்க."

கழற்றிய படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தான். மற்றவற்றைப் பற்றிக் கேட்டேன். ஜனங்கள் சாமி கேட்கிறார்கள், குழந்தை கேட்கிறார்கள், உள்ளே விளக்கு எரிந்து தண்ணீர் ஓடுகிற மாதிரி அருவி கேட்கிறார்கள் என்றான். "சும்மா பூன்னா யாரு சார் வாங்குவா? பூக்காரி கையிலயே இருக்குதே."

மார்ச் 30

ஞாயிறு பூசை முடிந்து வந்த சகாயராஜிடம் ஒரு யோசனை இருந்தது. அன்னாளின் தம்பி. செராமிக் எஸ்டேட்டில் சிறிய சூளை வைத்து ஃப்யூஸ் கட்டை செய்கிறான்.

"மாமா, பேப்பர்ல இருக்கறதாலதான் விக்கல. டைல்ஸ்ல போட்டுடலாம். படத்த ஸ்டிக்கரா அடிச்சி, வெள்ள டைல்ஸ் மேல ஒட்டி, சூளையில வெச்சா அதோட சேந்துடும். நூறு வருசத்துக்கு அழியாது."

நூறு வருடம் என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். பெயர் போடுவதில் மட்டும் சிறு தகராறு. நடுவில் என்றேன். "மாமா, இது டைல்ஸா, நம்பர் பிளேட்டா?" என்றான். கீழ் மூலை, ஆனால் தடித்த எழுத்து என்று சமாதானம் ஆனது.

ஏப்ரல் 20

முதல் சூளை பிரித்தார்கள். சிவப்பு என்ற நிறம் சூளைக்குப் பிடிக்காது என்பதை சகாயராஜ் பிரித்த பிறகு சொல்கிறான். செம்பருத்திகள் எல்லாம் பழைய செங்கல் நிறம். தாமரை பரவாயில்லை, காய்ச்சல் வந்த மாதிரி.

அடித்தட்டு மூலையில் இருந்த ஒரு செம்பருத்தி இன்னும் மோசம். இதழ்கள் கறுஞ்சிவப்பாகத் தீய்ந்து, நடுவில் இருக்கிற மகரந்தத் தண்டு மட்டும் மஞ்சளாகத் தொங்குகிறது. நான் தெளித்த இரண்டு துளிகளும் வெள்ளையாகப் பொங்கி நிற்கின்றன. சகாயராஜ் அதை உடைக்கப் போனான். தடுத்தேன். காரணம் இருக்கிறது: மற்ற எல்லாவற்றிலும் 'ஸ்தனிஸ்லாஸ்' சற்று மங்கல். அதில்தான் கண்ணாடி போலத் தெளிவு.

"பேருக்காகவா மாமா இத வெச்சிக்கிற?"

கறுப்பு மை எந்தச் சூளையிலும் அழியாது என்று பெருமையாகச் சொன்னான்.

மே 4

விற்றாயிற்று! மொத்தமும்!

ஜங்ஷன் ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஆதிநாராயணன் நூலகத்துக்கே வந்தார். பழுத்த நாத்திகர். தாலி கட்டுகிற நேரத்தை மட்டும் ஐயர் குறித்தபடி வாடகைக்கு விடுகிறார், அது வியாபாரம். மண்டபத்தின் சுற்றுச்சுவரில் ஊரே ஒண்ணுக்குப் போகிறது. மற்றவர்கள் எல்லாம் பிள்ளையார், மாதா, மெக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதித்துத் தப்பித்துவிட்டார்கள். இவர் கொள்கைக்காரர். சாமியைக் காவலுக்கு வைக்க மாட்டார்.

"மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், பகுத்தறிவு உள்ளவன் ஒரு பூ மேல போவானா? அழகுணர்ச்சின்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

இருக்கிறது என்று உறுதியளித்தேன். சகாயராஜிடமிருந்த எல்லா டைல்ஸையும் எடுத்துக்கொண்டார், தீய்ந்தது உட்பட.

மே 18

இன்று பதித்தார்கள். சுவர் நெடுகிலும், முழங்கால் உயரத்தில். தீய்ந்தது கடைக்கோடியில், வேப்பமரத்தடியில். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். விருத்தாசலத்தின் முதல் திறந்தவெளிக் கண்காட்சி. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் நின்றதாலும் இருக்கலாம்.

பின்லாந்துக்காரருக்கு எழுதினேன். "அற்புதம்" என்று பதில்.

மே 20

சுவர் ஈரம். மழை இல்லை.

மே 27

காத்தவராயன் நூலகத்தின் தினசரி வாசகர். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் தொடாதவர். இன்று மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னார்:

"சார், ஜங்ஷன் ரோட்டுல இருக்கறது உங்க பேருங்களா? தெரியாமப் போச்சு சார். நாலு நாளா அது மேலதான் போயிட்டிருக்கேன்."

இனிமேல் தாமரைப் பக்கம் போவதாக வாக்களித்தார். தாமரையிலும் என் பெயர்தான்.

எங்கப்பா வெச்ச பேரு. பங்குச் சாமியார் தலையில தண்ணி ஊத்தி வெச்ச பேரு. அது மேல ஊரே இப்ப— என்னாத்தச் சொல்ல. பூவுன்னா சாமிக்குப் போடறது, பொணத்துக்குப் போடறது, தலையில வெக்கறது. வேற எதுக்கும் இந்த ஊருல அது ஆகாதா? சாமிக்குப் பயப்படறவன் பூவுக்கு ஏன் பயப்படணும்? பூ என்னா கண்ணக் குத்துமா?

அன்னாளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அதன் பிறகு சிரித்தாள்.

ஜூன் 8

விடியலில் கத்தியும் உப்புத்தாளும் எடுத்துப் போய் என் பெயரைச் சுரண்டிப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால். கத்தி மழுங்கியது. பெயர் இன்னும் பளிச்சென்று ஆனது. சகாயராஜ் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை இதுதான்.

வாட்ச்மேன் பிடித்து ஆதிநாராயணன் முன் நிறுத்தினான். என் சொந்தப் பெயரைத் திருட வந்ததாகப் புகார்.

"டைல்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

"பேத்தா சுவரு போயிடும் சார். மக்கள்கிட்ட மாற்றம் வர நாளாகும். கொஞ்சம் பொறுமையா இருங்க."

பொறுமையாக இருக்க அவருக்கென்ன. அவர் பெயர் மண்டபத்தின் உச்சியில் இருக்கிறது. அங்கே யாருக்கும் எட்டாது.

ஜூலை 2

பஸ் ஸ்டாண்டுக்கு இப்போதெல்லாம் சுற்றுவழியில் போகிறேன். அன்னாள் கேட்டாள், "சர்க்கரைக்கு நடக்கறீங்களா?"

ஜூலை 18

ஆடி முதல் வெள்ளி. காத்தவராயன் மூச்சிரைக்க வந்தார். வேப்பமரத்தடி டைல்ஸில் யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்களாம்.

"அம்மன் சார். நல்லாப் பாருங்க, ரெண்டு கண்ணு. நாக்கு வெளிய தொங்குது. இத்தன நாளு கண்ணு அவிஞ்சி போயிருந்தேன் சார். ஒடம்பெல்லாம் நடுங்குது." பயபக்தியில் கிரிக்கெட் செய்தியைக்கூடத் திறக்காமல் போய்விட்டார்.

மகரந்தத் தண்டு. இஸ்திரி பாட்டில்.

 

ஜூலை 25

எலுமிச்சை மாலை, வேப்பிலை, உண்டியலுக்கு ஒரு பெயின்ட் டப்பா. சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காய்ந்து கிடக்கிறது. ஆடு மாடுகூட எதிர்ப்பக்கம் போகின்றன.

ஆகஸ்ட் 1

எனக்குள் ஓர் அல்பன் இருக்கிறான் என்பதை எழுதி வைக்கிறேன். பெயர் அழிய வேண்டும் என்று கத்தி எடுத்துப் போனவனுக்கு, இன்று அது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அத்தனை கூட்டம். எல்லாம் என் படத்துக்கு. பெயர் இருக்கும் மூலை முழுக்கக் குங்குமம் அப்பியிருந்தது. விரலால் லேசாகத் துடைக்கக் குனிந்தேன்.

"யோவ்! செருப்பக் கழட்டு மொதல்ல!"

மாரியம்மாள். நடுவயதுப் பெண். போன வாரத்திலிருந்து அங்கே பூக்கடை போட்டிருக்கிறாள், பூசையும் அவளே. கழற்றினேன்.

"கைய அங்க வெக்காத. அம்மன் பாதம் அது."

"இல்லம்மா, அங்க ஒரு பேரு—"

"அது டைல்ஸ் கம்பெனி பேரு. அதான் பொட்டு வெச்சி மறச்சிருக்கறன். நல்லாவா இருக்குது, சாமி கால்ல கம்பெனிக்காரன் பேரு?"

ஒரு முழம் மல்லி வாங்கினேன். அதை அம்மனுக்குச் சாத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அவளுக்கு வருத்தம். அன்னாளுக்கு மகிழ்ச்சி.

ஆகஸ்ட் 3

சுவரடியில் ஆதிநாராயணனைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்து, அடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், இது செம்பருத்திதானே?"

"செம்பருத்திதாங்க."

"நீங்க எடுத்த போட்டோதானே? நாலு பேர் முன்னாடி வந்து சொல்லுங்க. இந்த மூடநம்பிக்கைய ஒழிச்சிடலாம்."

"சொல்லலாம். சொன்னா மறுநாள் சுவரு நனையும்."

காய்ந்த சுவரை நெடுநேரம் பார்த்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார், பல வருடத்தில் முதல்முறையாக இருக்கும். ஆளிடம், "அந்தக் கோடிய மட்டும் வுட்டுட்டு அடிப்பா" என்றார். பிறகு என்னிடம், "பொதுமக்கள் உணர்வுன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

இருக்கிறது என்று உறுதியளித்தேன்.

ஆகஸ்ட் 10

பழமலை ஸ்டுடியோ வாசலில் கூட்டம். லேமினேட் செய்து, ஓரத்தில் சரிகைத்தாள் ஒட்டிய படங்கள். என் செம்பருத்தி. டைல்ஸை நேரில் போய் எடுத்திருக்கிறான். நன்றாக எடுத்திருக்கிறான் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கீழ் மூலை வரக் கூடாதென்று அடிப்பக்கத்தை வெட்டிவிட்டான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் மாறியது. எனக்கு முன்னால் நின்ற பெண், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்தாளாம், கேட்டாள்: "இத வரஞ்சது யாருங்க?"

பழமலை என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"யாரும் வரையலம்மா. தானா வந்தது" என்றான்.

அவள் போன பிறகு நானும் ஒன்று கேட்டேன். காசு வேண்டாம் என்றான். கொடுத்தேன். என் படம் ஒன்றைச் சட்டத்துக்காக அல்லாமல் படத்துக்காக வாங்குகிறவர்களைப் பார்க்க இத்தனை மாதம் ஆனது. அந்த வரிசையில் நானும் நிற்கலாம்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அன்னாள் சம்மதிக்கவில்லை. "பாட்டில் தண்ணி தெளிச்சத நான் பாத்தேனே" என்றாள். இஸ்திரி மேசைக்கு மேலே ஆணி அடித்தாள்.

மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பென்சிலால், சின்ன எழுத்தில்.