தலைக்கட்டில் இல்லாத பெயர்

ஸ்பார்ட்டா,
12.2.2025

அன்புள்ள நைனாவுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஆராய்ச்சிக்காக நான் வந்திருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் கிரேக்க நாட்டையே நடுங்க வைத்தது. இப்போது ஆரஞ்சு மரமும் உடைந்த கல்லும்தான். அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் ஒரே பந்தியில் சாப்பிடுவார்களாம். தன் பங்கு மாவைக் கொண்டுவர முடியாதவனைப் பந்தியிலிருந்தும் ஊரிலிருந்தும் நீக்கினார்கள். வெளியாளையும் சேர்க்கவில்லை. ஒன்பதாயிரம் பேர் எழுநூறு ஆனார்கள்.

ஊர்க்காரர் பெயரெல்லாம் எழுதி வைக்கும் நம் தலைக்கட்டு நோட்டு நினைவுக்கு வந்தது. கடலுக்குப் போகாதவன், வெளியே கல்யாணம் செய்தவள் என்று அடித்து அடித்து இப்போது எத்தனை பேர் மிச்சம்? ஜெரியைக் கட்டியதற்கு என் பெயரை நீயேதான் அடித்தாய். ஆறு வருடம் ஆகிறது.

உன் மகள்,
மகிழினி

திருவொற்றியூர்,
9.3.2025

கிரேக்க தேசத்தில் இருப்பவருக்கு,

பச்சையம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் பெயர் எழுதவில்லை என்று கோபப்படாதே. அடித்த பெயரைச் சபையில் சொன்னால் சொன்னவன் பெயரையும் அடிப்பது நம் ஊர் வழக்கம். எழுதிப் பழகினால் என் வாயில் வந்துவிடும்.

நாற்பத்தொரு பேர். நீ பிறந்தபோது இருநூற்றுப் பத்து. துறைமுக விரிவு பற்றிக் கருத்துக் கேட்க வந்த அதிகாரி, "இவ்ளோதானா உங்க ஊரு?" என்று சிரித்தார். சபைக்கு வெளியே கம்பெனி வேலைக்குப் போன நம் பிள்ளைகள் நூறு பேர் நின்றார்கள். அவர்களை உள்ளே கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

அந்த எழுநூறு பேரில் ஒருத்தனுக்கும் புத்தி வரவில்லையா?

ஊர்த் தலைவர்,
எத்திராஜ்

ஸ்பார்ட்டா,
2.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

ஒருவனுக்கு வந்தது. ஆகிஸ் என்று ஒரு இளம் ராஜா. நிலத்தைப் பிரித்து வெளியாட்களையும் ஊரில் சேர்ப்போம் என்றான். தன் நிலத்தை முதலில் பொதுவில் வைத்தான். கடைசியில் அந்த ஊர்ப் பெரியவர்களே அவனைச் சிறையில் போட்டுக் கழுத்தை நெரித்தார்கள்.

உன்னைத் தூண்டிவிட இதை எழுதவில்லை. பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். பெயர் இல்லாதவன் செத்தால் பாடை தூக்க ஊர் தோள் கொடுக்காது. நீ ஒன்றும் செய்யாதே நைனா. பெயர் இல்லாமல் எனக்குப் பழகிவிட்டது.

மகிழினி

திருவொற்றியூர்,
11.5.2025

அன்பு மகள் மகிழினிக்கு,

அடித்தவர்களை எல்லாம் திரும்ப எழுதுவோம் என்று சபையில் சொன்னேன். முப்பது பேர் தலையாட்டினார்கள். உன் மாமன் டில்லிபாபுதான் எழுந்தான். "மொதல்ல யார் பேரு மாமா? வாயால சொல்லு பாப்போம்."

"எம் பொண்ணு மகிழினி" என்றேன்.

நோட்டை வாங்கி என் பெயரை அவனே அடித்தான். தலையாட்டிய முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். இப்போது ஊர் நாற்பது பேர்.

வெளியே வந்தேன். கம்பெனி வேலைக்குப் போய்ப் பெயர் இழந்த ரவிக்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்தாண்டதான் ஆளு ஜாஸ்தி கீது, வா நைனா" என்றான். வீட்டில் உன் அம்மா திட்டவில்லை. இதைச் சொல்ல ஆறு வருடமா என்று மட்டும் கேட்டு அழுதாள்.

ஊர் எனக்குத் தோள் கொடுக்காது. நாலு பேர் வேண்டும். ரவிக்குமார் வருவான். ஜெரியும் வருவான் என்று வைத்துக்கொள்கிறேன். பெண்கள் தூக்குவது இங்கே வழக்கமில்லை. இருந்தாலும் ஒரு பக்கம் நீ பிடித்துக்கொள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வா.

உன் நைனா