நோன்பு மாசத்து நூறு ரூபாய்

ஆம்பூர்
12-8-84

அன்புள்ள மகன் காசிநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தங்கை பூரணியும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கெங்கையம்மன் புண்ணியத்தில் சௌக்கியம், பம்பாயில் நீயும் சாவித்திரியும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் சௌக்கியமா என்று கேட்கத்தான் பேனாவைத் திறந்தேன். பூரணியின் மூத்தவன் கங்காதரன் பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க். நடுவுள்ளவள் வள்ளியம்மாள் வேலூரில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்து வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள், அது வெள்ளியே இல்லை என்று பாத்திரக்கடைக்காரர் சொன்னதை நான் வெளியே விடவில்லை. கடைக்குட்டி பக்தவச்சலம் ஒரு வாரமாக அழாமல் பள்ளிக்கூடம் போகிறான், எங்களுக்கு அதுவும் வெற்றிதான். எல்லாவற்றுக்கும் மேல் நீ. கையில் காசில்லாமல் பாங்கி அட்டையைக் காட்டிச் சாமான் வாங்கும் பிள்ளை இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான்.

அந்த அட்டையில் இரண்டாயிரம் வரைக்கும் வாங்கலாம் என்று இருப்பதை, எழுதிக் கேட்டால் ஐயாயிரம் ஆக்கித் தருகிறோம் என்று பாங்கியே சொல்கிறது, கேட்கட்டுமா அம்மா என்று எழுதியிருந்தாய். அஞ்சாவதோடு நின்றவளிடம் பாங்கி யோசனை கேட்டாயே, இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடன் கேட்பதில் எனக்குப் படிப்பு உண்டப்பா, பாஸ் பண்ணியதுதான் இல்லை. நீ எட்டாவது படிக்கும்போது தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் நான் இட்லி விற்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ரஃபி அகமது பாய் கடையில் எனக்கு ஐம்பது ரூபாய் வரைக்கும் அரிசியும் உளுந்தும் கடனாகக் கிடைக்கும், சனிக்கிழமை கூலி வாங்கி ஆட்கள் எனக்குக் கொடுப்பார்கள், நான் பாய்க்குக் கொடுப்பேன். அதை நூறாக்கிக் கேட்க நாள் பார்த்தேன் பார், நோன்பு மாசத்தில் பாய் மனசு இளகியிருக்கும் என்று முதல் பிறைக்கு மறுநாளே போய் நின்றேன். மனுஷர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மூட்டை மூட்டையாக இறக்கி, மறுநாள் இரண்டு மடங்கு இட்லி அவித்துக் கொண்டுபோய் உட்கார்ந்தால் வாங்க ஆளில்லை. ஷாப்பில் பாதிப் பேருக்கு மேல் நோன்பு. வருஷா வருஷம் அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடிப்பவளுக்கு இது தெரியாமலா? கொடுக்கிறவர் மாசத்தைப் பார்த்தேன், என் மாசத்தைப் பார்க்கவில்லை. மீந்த இட்லியை மூணு வேளையும் நீங்கள்தான் தின்றீர்கள், பூரணி இன்றைக்கும் இட்லி என்றால் முகம் சுளிக்கிறாள். பாயிடம் போய், ஏன் பாய் அன்றைக்கே சொல்லக்கூடாதா என்று சண்டைக்கு நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, இன்னாம்மா ரங்கம்மா, கேக்குறவ கணக்கு பார்த்துட்டுதானே கேப்பான்னு நெனச்சேன், எனக்கு இன்னா தெரியும் என்றார். கடைசியில் கம்மலை வைத்துத்தான் அடைத்தேன். நாலு மாசம் வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு, காது புண் என்று ஊரெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு முனியம்மா அதை நம்பி தினமும் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து பூசிவிட்டாள்.

சாவித்திரி ஐப்பசியிலிருந்து சம்பளமில்லாத லீவு என்று எழுதியிருக்கிறாய். உன் நோன்பு மாசம் அதுதான் காசி. இப்போது பாங்கி சிரிக்கிறது என்று கேட்காதே. குழந்தை பிறந்து, அவள் திரும்ப வேலைக்குப் போய், இரண்டு சம்பளம் வரட்டும். அட்டையில் வாங்கியதைப் பாக்கி வைக்காமல் மாசாமாசம் கட்டி வா, அப்புறம் கேள்.

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. போன வாரம் பாய், உன் மவனை பாங்கி எவ்ளோ வரைக்கும் நம்புது என்று கேட்டார், நான் ஐயாயிரம் என்று சொல்லித் தொலைத்தேன். பாங்கி ஏற்றுவதற்கு முன்னால் நான் ஏற்றிவிட்டேன். என் வாய்க்காக நீ கையெழுத்துப் போடாதே. பாயிடம் நானே இறக்கிவிடுகிறேன், ஒரேயடியாக முடியாது, இந்த வாரம் நாலாயிரம் என்று ஆரம்பிக்கிறேன்.

பிரசவத்துக்குப் பணமுடை என்றால் அட்டையைத் தேடாதே, எனக்கு எழுது. கம்மல் காதில்தான் இருக்கிறது, வேப்பங்குச்சிக்கும் இங்கே பஞ்சமில்லை. தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து, குறையில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மறக்காமல் சாவித்திரியோடு புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு, பாயிடம் காட்ட வேண்டும். அட்டையைக் கையில் பிடித்துக்கொள். அதில் இரண்டாயிரம் என்று போட்டிருந்தால் கட்டைவிரலால் மறைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
கா. ரங்கம்மாள்