ஹீட்டர் வயர்

துர்கு நகரில் தன் தங்கை வீட்டில் இருப்பவளுக்கு,

கார் படுத்துவிட்டது. நீ போன இந்த மூன்று வாரமும், இந்த பின்லாந்துக் குளிரில், மைனஸ் இருபத்தெட்டில் உறைந்து கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நானே தேய்த்துவிட்டேனாம். மெக்கானிக் உர்போ இரண்டாயிரத்து நானூறு யூரோ கேட்கிறான். காரை விற்றால்கூட அவ்வளவு தேறாது.

“ராத்திரி இன்ஜின் உறையாம இருக்க, பார்க்கிங் கம்பத்துல ஹீட்டர் வயரைச் சொருகவே மாட்டியாய்யா?” என்றான்.

“பதினோரு குளிர்காலமா சொருகினதே இல்லப்பா. சாவியைத் திருப்பினா கிளம்பிடும்.”

“அப்போ வேற யாரோ சொருகியிருக்காங்க.”

தினமும் சாயங்காலமும், காலையில் நான் கிளம்புவதற்கு முன்பும் குப்பை கொட்டப் போகிறேன் என்று கீழே இறங்குவாயே. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அவ்வளவு குப்பை ஏது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

இன்னும் என்னென்ன செய்துகொண்டிருந்தாய்? எழுதிவிடு. நேற்று சமையலறைக் குழாயும் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன்