அந்த ஒன்றரை அடி ஓட்டை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மா நலம். நானும் நலம், போன வருஷத்தைவிடப் பதினோரு கிலோ குறைவான நலம். அங்கே நீயும் காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அவள் கேட்டது அரை மணியில் அவள் தங்கைக்குப் போகும், அங்கிருந்து அந்த மகானுபாவருக்கு. மகானுபாவர் என்று நான் சொல்வது உன் சித்தப்பாவை. என் சகலையும் அவர்தான், எங்கள் லிப்ட் கம்பெனியின் இன்ஸ்பெக்டரும் அவர்தான், வீட்டிலும் அவர் முகம் வேலையிலும் அவர் முகம், எல்லாம் என் தலையெழுத்து.

எட்டொன்பது மாசத்துக்கு முன்னால் குடும்ப குரூப்பில் அவர் போட்ட போட்டோ உனக்கு மறந்திருக்காது. அதன் கதையை நான் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. அது பழைய ஒன்பது மாடிக் கட்டடம், லிப்டின் மெஷின் ரூம் மொட்டை மாடிக்கும் மேலே இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏறி மேல்தளத்தில் வெட்டிய ஒரு சதுர ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், ஒன்றரை அடிதான் இருக்கும், அதிலும் ஒரு பக்கம் ஏணிக் கம்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருபத்தொன்பது வருஷமாக நான் போய்வந்த ஓட்டை. அன்றைக்கும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் ஏறினேன், பாதி உடம்பு மேலே வந்ததும் வந்துவிட்டோம் என்று நினைத்து மூச்சை விட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான், வயிறு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, மேலேயும் போக முடியவில்லை கீழேயும் இறங்க முடியவில்லை. கீழே உன் சித்தப்பா நின்றிருந்தார். அண்ணே, ஒரு நிமிஷம் அசையாம இருங்க, கால் எங்க வைக்கணும்னு பாத்துச் சொல்றேன் என்றார். நானும் நம்பி அசையாமல் இருந்தேன், மடையன். கடைசியில் மூச்சை எக்கித் திருகித் திருகி நானேதான் இறங்கினேன். போட்டோ எடுக்கத்தான் அசையாமல் இருக்கச் சொன்னார் என்பது சாயங்காலம் குரூப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே நான், தொங்குகிற இரண்டு கால், அடியில் ஓவர்லோட் என்று ஒரு வார்த்தை. முப்பத்துநாலு பேர் இருக்கிற குரூப், உன் அம்மாவின் ஒன்றுவிட்ட அத்தைகூட இருக்கிறாள்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறு வாரம் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐம்பது வயதைத் தாண்டிய அனைவரும் வருஷத்துக்கு ஒரு தடவை கருவிப் பையைச் சுமந்துகொண்டு ஒன்பது மாடி படியேறி, அந்த ஓட்டை வழியாக மெஷின் ரூமுக்குள் போய்க் காட்ட வேண்டும், முடியாதவர்களை ஆபீசில் புகார் போன் எடுக்கிற மேசையில் உட்கார வைக்கலாம் என்று யோசனை. மேனேஜர் எட்டு மாசம் தவணை வைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். எனக்கு ஐம்பத்துநாலு. என் பொறுப்பில் இருக்கிற ஏழு லிப்டும் சத்தத்திலேயே எனக்கு என்ன கோளாறு என்று சொல்லும், அதையெல்லாம் விட்டுவிட்டு ஹலோ சொல்லுங்க, எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நான் ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டேன், உனக்கே தெரியும். அந்த மனுஷர் நம் வீட்டுக்கே வந்து நம் தட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு, அண்ணனோட நல்லதுக்குத்தான் அக்கா சொன்னேன், வயசாயிடுச்சுல்ல என்று உன் அம்மாவிடம் சொல்கிறார். அவருக்கும் எனக்கும் என்ன வயசு வித்தியாசம் என்று கேட்டால் அவர் கல்யாணத்தின்போது ஐந்து என்றார், இப்போது எட்டு என்கிறார். எனக்கு மட்டும் வயசு ஏறுகிறது, அவருக்கு இறங்குகிறது.

அன்றைக்கே முடிவு செய்தேன். தையல் கடைக்கு மேலே ஒரே ஒரு அறையில் சின்ன ஜிம் இருக்கிறது, கீறல் விழுந்த கண்ணாடி, நம்பர் அழிந்துபோன எடைகள், ஓடுகிற மெஷின் ஒன்று, அதுவும் பாதி நாள் ஓடாது. நடத்துவது ஒரு அம்மா, ஒரு காலத்தில் போட்டிகளில் எடை தூக்கினவராம், எல்லோரும் மாஸ்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள். எதுக்குச் சேர வந்தீங்க என்று வரிசையாகக் கேட்டார், ஒருவர் சர்க்கரை என்றார், ஒருவர் முட்டிவலி என்றார். நான் பழிவாங்க வந்திருக்கேன்மா என்றேன். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. நல்லது, சர்க்கரைக்கு வர்றவங்க ஒரு மாசத்துல நின்னுடுவாங்க, நீங்க நிக்க மாட்டீங்க, யார் மேல என்று கேட்டார். சகலை என்றேன். முதல் நாள் உட்கார்ந்து எழச் சொன்னார், உட்கார்ந்தேன், எழவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்தேன். மறுநாள் பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியாமல் தலையைப் பிரஷ்ஷுக்குக் கொண்டுபோனேன். எடையைத் தூக்கும்போது முகம் சிவந்து பல்லைக் கடிப்பேன், மாஸ்டரம்மா என் காதருகில் வந்து அண்ணே, அசையாம இருங்க என்பார். அவ்வளவுதான், ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கிவிடுவேன். சொல்கிறேன் கேள், கோபம் மாதிரி ஒரு சத்து எந்தக் கடையிலும் கிடைக்காது.

உன் அம்மாவிடம் நடக்கப் போகிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்ததும் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துப்போனாள், டாக்டர் என்னைப் பாராட்டிவிட்டு அவளுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இப்போது முட்டிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சேர்த்து மூன்று மாத்திரை விழுங்குகிறாள், திட்டுவது மட்டும் குறையவில்லை. பின் பக்கக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, படியேறும்போது மூச்சை அடக்காதே, பாரம் தூக்கும்போதுதான் மூச்சை விட வேண்டும் என்பதை ஐம்பத்துநாலு வயசில் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பரீட்சை வந்தது. பையோடு ஒன்பது மாடியும் எங்கேயும் நிற்காமல் ஏறினேன், ஏணியில் ஏறினேன், ஓட்டையில் நுழைந்தேன், இரண்டு பக்கமும் கை வைக்க இடம் இருந்தது, நடுவில் நின்று வேண்டுமென்றே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே போனேன். மேனேஜரிடம் முன்பே என் போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தேன், எடுத்துவிட்டுப் போனை மேலே நீட்டினார். உன் சித்தப்பா குறிப்பு எழுதிக்கொண்டு நின்றார். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, அடுத்தது நீங்கதான் சார், உங்களுக்கு ஐம்பத்தொண்ணு போட்டிருக்கே என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அனைவரும் என்று எழுதினவருக்கு, வீட்டில் குறைத்த வயசை ஆபீசில் குறைக்கவில்லை என்பது மறந்துபோயிருக்கிறது. ஆறு வருஷமாக நாற்காலியில் வளர்த்த வயிறு அம்மா அது. கீழே போய்ப் பையோடு படியேறியே வாய் உலர்ந்து வந்தார், ஏணியில் ஏறினார், தலை வந்தது, தோள் வந்தது, அதற்குமேல் வரவில்லை. நான் மேலே குனிந்து, அசையாம இருங்க தம்பி, கை எங்க பிடிக்கணும்னு பாத்துச் சொல்றேன் என்றேன். அசையாமல் இருந்தார். எடுத்தேன். அவர் எடுத்ததில் என் முகம் இல்லை, நான் எடுத்ததில் அவர் முகம் மட்டும்தான் இருக்கிறது. அண்ணே, வேணாம்ணே என்றார். பிறகு இரண்டு கையாலும் நானே இழுத்து மேலே போட்டேன். இரக்கத்தில் இல்லை, என் கைதான் தூக்கிவிட்டது என்பது அவருக்கு ஆயுசுக்கும் நினைவிருக்க வேண்டும் என்று.

இப்போது புகார் மேசையில் அவர்தான் இருக்கிறார். எந்த லிப்ட் நின்றாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியது அவர்தான், நான் தினம் இரண்டு தடவையாவது காது கேக்கலை தம்பி, திருப்பிச் சொல்லுங்க என்கிறேன். அந்தப் போட்டோவை நான் குரூப்பில் போடவில்லை, போடவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார், நான் சட்டைப் பையில் கைவிட்டபோதெல்லாம் அவர் கை தட்டிலேயே நின்றது, நான் போனை எடுத்து மணி பார்த்துவிட்டு வைத்துக்கொண்டேன். இதை ஒரே நாளில் எல்லோருக்கும் காட்டித் தீர்த்துவிட நான் என்ன பைத்தியமா.

இனிப் பாக்கி நீ ஒருத்திதான். அன்றைக்கு மற்றவர்கள் ஒரு சிரிப்பு முகம் போட்டார்கள், நீ மூன்று போட்டாய், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகம். யார் சிரித்தாலும் என் மகள் மட்டும் அப்பாவுக்கு அடி பட்டதா என்று கேட்பாள் என்று அந்தச் சாயங்காலம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன் அம்மா. நீ கேட்கவில்லை. இடுப்பில் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. யார் மேல் பழி என்று மாஸ்டரம்மா கேட்டபோது சகலை என்று சொன்னேனே, அது பாதிதான் உண்மை.

இதோடு மேனேஜர் எடுத்த போட்டோவை வைத்திருக்கிறேன், மெஷின் ரூமுக்குள்ளிருந்து அந்த ஓட்டை வழியாக நான் எட்டிப் பார்க்கிறேன், எல்லாப் பல்லும் தெரிகிறது. இதை நீதான், உன் கையால், குரூப்பில் போட வேண்டும். அடியில் என்ன எழுதுவாய் என்பது உன் இஷ்டம். மூன்று முகம் போட்டவளுக்கு மூன்று வார்த்தை கிடைக்காமலா போகும்.

குறைவில்லாத உடம்போடும் நிறைந்த மனசோடும் நீ நீடூழி வாழ வேண்டும். அம்மாவின் ஆசியும் சேர்த்து. அவளிடம் ஜிம் விஷயம் இப்போதைக்குச் சொல்லாதே, ஏற்கெனவே நாலு கால்சட்டையைப் பிடித்துத் தைத்த கோபத்தில் இருக்கிறாள்.

இன்னும் கோபம் முழுசாக ஆறாத,
உன் அப்பா