நான் போட்டு வைத்த பதினொரு மணி

வியாழன் இரவு, மைசூரு

இன்று நடந்ததை மறைக்காமல் அப்படியே எழுதப்போகிறேன்.

நாளைய பெற்றோர் சந்திப்புக்கு நேரம் பதிவு செய்யும் பக்கத்தை நான் படிக்கும் பள்ளிக்கு வடிவமைத்தது நான்தான். நேரக் கட்டம் காலியாக இருந்தால் அழகாக இருக்காதென்று அதில் முதலிலேயே ‘காலை 11’ போட்டு வைத்தேன். வேண்டாதவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

கார்மென்ட்ஸ் தையல் வேலை முடிந்து வந்த அம்மா, “நாளைக்கு லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்திட்டான்” என்றாள்.

“சாயங்காலம் ஆறு மணி இருந்துச்சே, ஏம்மா எடுக்கல?”

“ஸ்கூல்ல பதினொண்ணுன்னு போட்டிருந்தாங்க. அவங்க போட்டத நாம மாத்தலாமா கண்ணு? வெள்ளிக்கிழமை அந்நேரம் ராகு காலம் வேற. அதையும் பாக்காமத்தான் ஓகே அமுக்குனேன்.”

“அத போட்டது நான்தாம்மா.”

“நீயா? ராகு காலம் பாத்துப் போடக்கூடாதாடி!” என்று சிரித்தாள்.

ஆறு மணிக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். லீவு எழுதியாகிவிட்டது, மறுபடி அவன் முன்னால் போய் நிற்க முடியாது என்றாள்.

கட்டத்தைக் காலியாக்கிவிட்டேன். ஆனால் ஏற்கெனவே நிறையப் பேர் பதினொரு மணிக்கே பதிந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை அம்மாக்கள் இன்று யார் யாரிடம் போய் நின்றார்களோ. நாளை அவர்கள் வந்ததும் நான்

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.